அடம்பன் கொடி வரைக்கும்

பக்கி வண்டிக்குக் கதவு கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. கூரை என்று சொல்லத் தலைக்கு மேலே ஒரு தகடு இருந்தால் உண்டு. இரும்புக் குழாய்களை வளைத்துச் செய்த ஒரு கூடு, அதற்குள் இரண்டு அல்லது நான்கு இருக்கைகள், முதுகுக்குப் பின்னால் என்ஜின், நான்கு மூலைகளிலும் பருத்த சக்கரங்கள். டொமினிக்கன் குடியரசின் கிழக்குக் கரையில் இருக்கும் புன்டா கானாவுக்கு விடுமுறையில் போகிறவர்கள் முதலில் விசாரிக்கும் சுற்றுலாக்களில் இதுவும் ஒன்று: பக்கியை நீங்களே ஓட்டிக்கொண்டு தோட்டங்கள், மேய்ச்சல் நிலங்கள், ஒரு குகை என்று கடந்து மக்காவ் கடற்கரையில் போய் இறங்குவது. ரொறன்ரோவில் பனி கொட்டும் மாதங்களில் எங்கள் ஆட்களில் பலர் அங்கே போகிறார்கள். திரும்பி வந்து காட்டும் படங்களில் முகம் முழுக்கச் சேறும் பல் முழுக்கச் சிரிப்பும் இருக்கும். கதையெல்லாம் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

நானும் தம்பியும் போய் வந்த பிறகு எனக்கு வேறொன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த வண்டியை மெதுவாக ஓட்டினால் ஒரு நாட்டைப் பார்க்கலாம். வேகமாக ஓட்டினால் முன்னால் போகிறவரின் புழுதியைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்தக் கரையின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1960களின் கடைசி வரை அது சரியான வீதிகூட இல்லாத புதர்க்காடு. 1969இல் நியூயார்க் வழக்கறிஞர் தியடோர் கீல் உள்ளிட்ட சிலர் அங்கே நிலம் வாங்கினார்கள். ஃபிராங்க் ரய்னியேரி என்ற டொமினிக்கன் இளைஞர் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தார். 1980களில் அவர்கள் கட்டிய தனியார் சர்வதேச விமான நிலையத்துக்கு அந்த ஊரின் கானா பனையோலையால் கூரை வேய்ந்தார்கள். இன்றைக்கும் விமானத்தை விட்டு இறங்கினால் ஓலைக் கூரையின் கீழேதான் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 2023இல் கப்பலில் வந்தவர்களையும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் விமான நிலையத்திலிருந்து நேரே ஹோட்டல் வாசலுக்குப் போய், கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு, மதிலுக்குள்ளே சாப்பிட்டு, மதிலுக்குள்ளே நீந்தி, அதே வாசலால் திரும்பிவிடுகிறார்கள். மதிலுக்கு வெளியே மனிதர்கள் எப்படி வேலி கட்டுகிறார்கள், எதை நடுகிறார்கள், எதைச் சமைக்கிறார்கள் என்பதைப் பார்க்க அவர்களில் பலருக்குக் கிடைக்கும் ஒரே அரைநாள் இந்தப் பக்கிப் பயணம்தான். அதைப் புழுதிக்குள்ளே தொலைத்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஹோட்டல் வாசலில் திறந்த லொறி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. புறப்படும் முற்றத்தில் வரிசையாக வண்டிகள். என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தலைக்கவசம், காற்றுக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடிக் கட்ட ஒரு துணி. வழிகாட்டி ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலுமாகக் கைச்சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒன்றை எல்லோருக்கும் சொல்லி வைக்கிறேன்: ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கட்டை விரலைக் கோத்துப் பிடிக்கக் கூடாது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால் ஸ்டியரிங் கையிலிருந்து உதறிக்கொண்டு சுழலும். உள்ளே விரல் இருந்தால் குறுக்குச் சட்டம் அதை முறித்துவிடும். விரல்களை வெளியே வைத்து, உள்ளங்கையால் வளையத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். வண்டி சரிவது போலிருந்தாலும் கையை வெளியே ஊன்றக் கூடாது. கூடு நம்மைக் காக்கும், நாம் கூட்டுக்குள்ளே இருக்க வேண்டும்.

தம்பி ஸ்காபரோவில் ஒரு கராஜில் வாகனம் திருத்துகிறவன். ஏறி உட்காரு முன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, அடியில் எட்டிப் பார்த்து, பின்சக்கரத்தின் சுருள்வில்லைத் தட்டினான். “அக்கா, இதில் கியர்ப்பெட்டி கிடையாது. இரண்டு கப்பிக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. கப்பி விரிந்து சுருங்கத் தானாக வேகம் மாறும். பெல்ட் நனைந்தால் வழுக்கும், வண்டி நகராது” என்றான். குட்டைகளைக் கண்டதும் படத்துக்காகப் பாய்கிறவர்கள் சிலர் நடுச்சேற்றில் நின்றுவிடுவதற்குக் காரணம் அதுதானாம்.

இந்த வண்டியின் மூதாதையைப் பற்றியும் அவன்தான் சொன்னான். கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டும் அலைச்சறுக்கிக்கொண்டும் இருந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் கண்ணாடியிழையால் தொட்டி போன்ற ஓர் உடல் வார்த்தார். மேயர்ஸ் மாங்ஸ் என்று பேர் பெற்ற அந்த வண்டி, விரைவிலேயே பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தின் மேலே பொருத்தக்கூடியதாக ஆனது. பீட்டிலுக்கு என்ஜின் பின்னால் இருக்கும். இழுக்கும் சக்கரங்களின் மேலேயே எடை உட்கார்ந்திருப்பதால் மணலில் பிடி கிடைக்கும். காற்றிலே குளிரும் என்ஜின் என்பதால் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். 1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் அதை ஓட்டி, மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த சாதனையை மேயர்ஸும் அவருடைய கூட்டாளியும் முறியடித்தார்கள். அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் பாஹா நெடும் பந்தயம் பிறந்தது. இன்றைய பக்கியில் அந்த பீட்டில் இல்லை, கண்ணாடியிழை உடலும் இல்லை. ஆனால் என்ஜினைப் பின்னால் வைத்து, மனிதனைத் திறந்த வெளியில் உட்கார வைக்கும் யோசனை அப்படியே இருக்கிறது.

திறந்த வெளி என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பஸ்ஸில் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாமே பச்சையாகத் தெரியும். பக்கியில் போனால் மாட்டுச் சாணமும், கருகிய சருகும், ஈர மண்ணும், யாரோ வீட்டில் எண்ணெயில் வேகும் வாழைக்காயும் தனித்தனியே மணக்கும். பார்வையும் தாழ்வாக, வேலியின் உயரத்துக்கே இருக்கும்.

அந்த வேலிகளைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துப் போனது. வெட்டிய கம்புகளை வரிசையாக ஊன்றி, அவற்றில் முட்கம்பி அடித்து, அந்தக் கம்புகளே துளிர்த்துத் தலை முழுக்க இலையோடு நின்றன. கதியால்! யாழ்ப்பாணத்தில் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்டு எல்லை போடுகிற அதே வேலை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். சீமைக்கிளுவை. ஓரிலை கிள்ளிக் கசக்கி மோந்தால் ஆட்டுக்குக் குழை ஒடித்த நாட்களின் மணம். மத்திய அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பிறந்த மரம் அது. கொக்கோ மரத்துக்கு நிழல் தருவதால் அந்தப் பக்கத்தில் அதைக் கொக்கோவின் தாய் என்பார்கள். தோட்டப் பயிர்களுக்கு நிழலாக இலங்கைக்கு வந்து, பிறகு எங்கள் வேலிக்கும் வந்து சேர்ந்தது. நான் நின்ற இடத்தில் ஒரு கம்பின் வெட்டுவாய் இன்னும் ஆறாமல் இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே மூன்று குருத்துகள் கிளம்பியிருந்தன. முட்கம்பி அடித்த இடத்தில் பட்டை வீங்கி, கம்பியைப் பாதி விழுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் உறவுமுறை தேட ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக் கோடியில் மரவள்ளி, பப்பாசி, கொய்யா, அன்னமுன்னா. இவையெல்லாம் அமெரிக்க வெப்ப மண்டலத்தின் பிள்ளைகள். கொலம்பஸுக்கு முன்னே அந்தத் தீவில் வாழ்ந்த தைனோ மக்களின் சாப்பாடே மரவள்ளிதான். துருவி, நச்சுச் சாறைப் பிழிந்து, அடுப்புக்கல்லில் தட்டையாகச் சுட்ட ரொட்டியை அவர்களுடைய மண்ணில் இன்றைக்கும் சாப்பிடுகிறார்கள். 2024இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காசு பார்த்த புகையிலையும் தைனோ மக்கள் வளர்த்த பயிர்தான். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவையும் இருக்கின்றன: மா, வாழை, கரும்பு. தென்னையும் அப்படித்தான். கரிபியன் கடற்கரைப் படம் என்றாலே மனதில் வரும் அந்தத் தென்னை, ஐரோப்பியர் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்குக்கு வந்தது. 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று அதன் வேர் இந்து சமுத்திரக் கரையில் இருப்பதாகக் காட்டியது. மக்காவில் சாய்ந்து நிற்கிற தென்னைக்கும் எங்கள் வளவுத் தென்னைக்கும் இரத்த உறவு உண்டு என்பதைத் தம்பியிடம் சொன்னேன். “அப்படியென்றால் இளநீருக்குக் காசு கேட்க மாட்டார்கள், அக்கா” என்றான்.

கொக்கோ, காப்பி, வனிலா காட்டும் பண்ணையில் ஒரு நிறுத்தம். மரப்பட்டைகளையும் வேர்களையும் ரம்மிலும் சிவப்பு வைனிலும் தேனிலும் ஊறவைத்த மாமாஹுவானா என்ற பானத்தைச் சிறு குவளைகளில் நீட்டுவார்கள். ஓட்டுகிறவர் அதைத் தொடக் கூடாது. அங்கே சொல்ல வேறு அதிகமில்லை, அது கடை.

சொல்ல வேண்டியது மண்ணைப் பற்றி. அந்தக் கிழக்குச் சமவெளி முழுவதும் கடலுக்கடியிலிருந்து எழும்பிய பவளச் சுண்ணாம்புக்கல். அதன் மேலே மெல்லிய செம்மண். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்தின் மண்ணும் கல்லும் அப்படித்தான். மழைநீர் நிற்காமல் கல்லின் வெடிப்புகளில் இறங்கிவிடுவதால் மேட்டுப் பாதையில் புழுதி, பள்ளத்தில் சேறு என்று ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்கும். இறங்கிய நீர் கல்லைக் கரைத்துக் குகைகளைக் குடைகிறது. பயணத்தின் நடுவே நீந்தவிடும் குகைக் குளம் அப்படிப் பிறந்ததுதான். அதே வலிகாமத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். ஆறு குறைந்த அந்த நிலத்தில் குடிதண்ணீரும் இந்தக் கல்லுக்குள்ளே இருந்துதான் வருகிறது. அதனால்தான் அந்தக் குளத்தில் இறங்குமுன் உடம்பிலே பூசிய வெயில் களிம்பைக் கழுவிவிட்டு இறங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எங்களுக்கு முன்னால் இறங்கியவர்கள் பூசியது தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலமாக மிதந்தது.

குகையைத் தாண்டி ஒரு குடியிருப்பு வந்தது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, நீலமும் இளஞ்சிவப்பும் பூசிய சிறிய வீடுகள். பாதையிலிருந்து திண்ணைக்குப் பத்தடி இருக்காது. எங்கள் வரிசையின் இரைச்சல் கேட்டதுமே ஒரு பெண் வெளியே வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை மார்போடு வாரி அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முகத்தில் கோபம்கூட இல்லை. தினமும் செய்கிற வேலையின் வேகம் இருந்தது. நாங்கள் போன பிறகு திரும்பக் கொண்டுவந்து காயப்போட்டிருப்பார். அடுத்த கூட்டம் வந்ததும் மறுபடி வாரியிருப்பார். முன்னால் போன வழிகாட்டி கையைத் தாழ்த்தி மெதுவாகப் போகச் சொன்னதை நான் பார்த்தேன். நடுவில் போனவர்கள் கேட்கவில்லை. தம்பி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். எங்களுக்கும் முன் வண்டிக்கும் இடையே இடைவெளி விழுந்தது. வரிசையின் கடைசியில் வந்த சுற்றுலா நிறுவன ஓட்டுநர் ஹோர்ன் அடித்து இடைவெளியை மூடச் சொன்னார். அடுத்த சுற்றுக்கு வண்டிகள் நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் கவலை. தம்பி அசையவில்லை. அந்தக் கடைசி வீடு வரை நடக்கிற வேகத்திலேயே போனோம். திண்ணையில் இருந்த கிழவர் தொப்பியைத் தூக்கினார், நாங்களும் கைகாட்டினோம். அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் எரிவாயுச் சிலிண்டர் போகிறது, கோழி மேய்கிறது. அது அவர்களுடைய ஊர்வழி. காசு கொடுத்து ஓட்டுகிறோம் என்பதற்காக அவர்களுடைய சோற்றில் மண் போடும் உரிமை நமக்குக் கிடைத்துவிடாது.

பிறகு தென்னைகளுக்கு இடையே வெளிச்சம் விரிந்து, கடல். மக்காவ் என்றதும் சீனக் கரையின் சூதாட்ட நகரம் நினைவுக்கு வரலாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு பக்கம் குன்று, அகலமான வெளிர் மணல், உருண்டு வரும் அலை. தெற்கே பாவரோ கரையில் பவளத்திட்டு அலையை உடைத்துக் கடலைக் குளமாக வைத்திருக்கிறது. மக்காவில் அந்த மறைப்பு இல்லாததால் அலைச்சறுக்குப் பழகுகிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். நீரோட்டம் காலை இழுக்கும். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள்.

எங்கள் வண்டிகளைத் தென்னைகளின் பின்னாலேயே நிறுத்தினார்கள். அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். ஏனென்றால் வேறு வண்டிகள் மணலுக்கே இறங்கிப் போன தடங்கள் எங்கள் கண் முன்னே கிடந்தன, இரண்டு ஆழமான சால்களாக. அந்தச் சால்கள் எதை அறுத்துக்கொண்டு போயிருந்தன என்று பார்த்தபோது நெஞ்சு துணுக்கென்றது. அடம்பன் கொடி. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த தடித்த இலை, ஊதா நிறத்தில் புனல் போன்ற பூ. எங்கள் கரைக் கொடியின் இலை இன்னும் ஆழமாகப் பிளந்திருக்கும், மற்றபடி ஒரே இனம். விதை கடலில் மிதந்து போய் முளைக்கும் என்பதால் உலகத்தின் வெப்பக் கரைகளிலெல்லாம் இது இருக்கிறது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மணற்காட்டின் மணல் மேடுகளில் காலில் சிக்கிச் சிக்கி நடந்த கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு, பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சக்கரம் ஏறினால் திரள முடியாது. கொடி அறுந்த இடத்தில் காற்று மணலை அள்ளுகிறது, மேடு தாழ்கிறது, அடுத்த புயலில் கடல் அந்த வழியால்தான் உள்ளே வரும்.

சங்க காலத்து நெய்தல் பாடல்களில் தலைவனுடைய தேர்ச்சக்கரம் இந்தக் கொடியைத்தான் அறுத்துக்கொண்டு வருகிறது. வேறொரு பாடலில் நிறைசூல் ஆமை இதே கொடி சிதையும்படி இழுத்து, வெண்மணலில் முட்டையைப் புதைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே எங்கள் ஆட்கள் கொடியையும் சக்கரத்தையும் முட்டையையும் ஒரே கரையில் பார்த்திருக்கிறார்கள். டொமினிக்கன் கரைகளிலும் அழுங்காமையும் தோணி ஆமையும் முட்டையிட வருகின்றன. வண்டி மிதித்து இறுகிய மணலைத் தாய் ஆமையால் தோண்ட முடியாது. பொரித்து வரும் குஞ்சுகள் சக்கரச் சாலில் விழுந்தால் ஏற முடியாமல் கடலுக்குப் பதிலாகச் சால் போகும் பக்கமே ஊர்ந்து, விடிந்ததும் பறவைக்கு இரையாகும். தேரில் வந்த தலைவனாவது காதலுக்காக வந்தான்.

மக்காவ் கரை இன்னும் பொதுக்கரையாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டொமினிக்கன் சட்டத்தில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை. 1968இன் 305ஆம் இலக்கச் சட்டம் உயர்ந்த அலையின் கோட்டிலிருந்து 60 மீட்டரைப் பொதுநிலமாக வைத்தது. நாட்டின் அரசியலமைப்பும் கரைகள் பொதுச் சொத்து, எவரும் தடையின்றிப் போகலாம் என்கிறது. ஆனால் ஹோட்டல் மதில்கள் கரையோரமாக நீண்டுகொண்டே போனால் கரைக்குப் போகிற வழி எங்கே இருக்கும்? மக்காவில் அந்த வழி திறந்தே இருக்கிறது. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. ஊர்க் குடும்பங்கள் சட்டியோடும் பாயோடும் ஒலிபெருக்கியோடும் வந்து மரநிழலைப் பிடித்திருந்தார்கள். ஓலைக் கொட்டிலில் ஒரு அம்மா எங்களுக்கு முழு மீனைக் கீறி, உப்பும் பூண்டும் தடவிப் பொரித்துக் கொடுத்தார். வாழைக்காயைத் தடித்த வில்லைகளாக வெட்டி ஒருமுறை பொரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மறுபடி எண்ணெயில் போட்டார். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மாவாக இருந்தது. அதன் மேலே எலுமிச்சை பிழிந்து தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டான். ஹோட்டலில் இலவசமாகக் கிடைத்த எந்தச் சாப்பாடும் இதன் பக்கத்தில் நிற்காது.

போக நினைக்கிறவர்கள் பணம் கட்டு முன் விற்கிறவரிடம் சிலதைக் கேட்டுவிடுங்கள். ஒரு வரிசையில் எத்தனை வண்டி போகும் என்று கேளுங்கள், குறைவாக இருந்தால் நல்லது. குடியிருப்புக்குள்ளே எந்த வேகத்தில் போக வைப்பார்கள் என்று கேளுங்கள். இடுப்புவலி, கழுத்துவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் ஏறவே வேண்டாம். பழைய உடுப்பும் காலை மூடிய சப்பாத்தும் போடுங்கள். அந்தச் செம்மண் கறை போகாது. மீனுக்கும் இளநீருக்கும் சில்லறையாகப் பெசோ வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மக்காவில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். மணலிலேயே இறங்கி ஓட்டலாம், அலையை ஒட்டிப் போகலாம் என்று ஆசை காட்டினால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். தென்னைகளுக்குப் பின்னால் நிறுத்துவோம் என்கிறவர் கிடைப்பார், எங்களுக்குக் கிடைத்தார். அங்கிருந்து கடலுக்குச் சில நிமிட நடைதான்.